படகுக்காரி ஏன் ராணியாகவில்லை?

‘பொன்னியின் செல்வன்’ படமா வரப்போகுதுன்னு ஊரே அமளிப்பட்டது. எம்.ஜி.ஆர். ஆசைப்பட்டு நடக்காததை மணிரத்னம் முடித்துவிட்டார் என்று பத்திரிகைகள் மாய்ந்து போயின. 2022 செப்டம்பரில் முதல் பாகம், 2023 ஏப்ரலில் இரண்டாம் பாகம். இரண்டையும் பார்த்தாச்சு. ஏமாற்றம்தான்.

“ராஜா கதையில நமக்கென்ன வேலை, அதில ஏமாற என்ன இருக்கு?” என்று தோழர்கள் சிலர் கேட்கிறார்கள். இருக்கு. கல்கி 1950 முதல் 1954 வரை தொடராக எழுதியது சோழப் பெருமை பாடும் நாவல்தான், சந்தேகமில்லை. ஆனாலும் ஐந்து பாகம் ஓட்ட அவருக்கு அரண்மனை மட்டும் போதவில்லை. கோடிக்கரையில் படகு வலிக்கிற பூங்குழலி, கலங்கரை விளக்கத்தைக் காக்கிற அவள் அப்பன், பேச்சு வராத அத்தை மந்தாகினி, தஞ்சாவூரில் பூக்கட்டிப் பிழைக்கிற இன்னொரு ஊமை அத்தை, அவள் வளர்த்த சேந்தன் அமுதன் எல்லாரும் வேண்டியிருந்தது. நாவல் தொடங்குவதே ஆடிப்பெருக்கன்று வீரநாராயண ஏரிக்கரையில் கூடிநிற்கிற சனங்களோடுதான். படம் போர்க்களத்தில் தொடங்குகிறது.

அதைக்கூட விட்டுவிடலாம். முடிவில் செய்திருப்பதை விட முடியாது. நாவலில் ஒரு குழந்தை மாறாட்டம் வருகிறது. செம்பியன் மாதேவி பெற்ற பிள்ளை பூக்காரி வீட்டில் வளர்கிறது. மந்தாகினி பெற்ற பிள்ளை அரண்மனையில் மதுராந்தகனாக வளர்கிறது. இளவரசன் என்று நாடே அவனைக் கும்பிடுகிறது. இத்தனை வருஷம் கூட இருந்தவர்களில் ஒருத்தருக்குமே இது சோழ ரத்தமில்லையே என்று மூக்கில் நாறவில்லை! பிறப்பாவது மண்ணாவது என்று கல்கி சொல்லவில்லை, சொல்லவும் மாட்டார். கடைசியில் அமுதனுக்கு முடி கிடைப்பதே அவன் உடம்பில் ஓடுவது அரச ரத்தம் என்று தெரிந்த பிறகுதான். பூக்காரன் பூக்காரனாகவே இருந்து அரசனாக அவர் விடவில்லை. ஆனாலும் அந்த முடிச்சு அங்கே கிடக்கிறது. படிக்கிறவன் அவிழ்த்துப் பார்க்கலாம். போதாததற்குக் கரையர் மகள் பூங்குழலி சோழநாட்டுக்கு ராணியாகிறாள்.

படத்தில் இந்த முடிச்சே கிடையாது. மதுராந்தகன் அசல் இளவரசன், அமுதன் சும்மா வந்துபோகிற பக்தன், பூங்குழலி அழகாகப் படகு ஓட்டுகிறாள், அவ்வளவுதான். நேரமில்லை என்பார்கள். இரண்டு படமும் சேர்ந்து ஐந்தரை மணி நேரம். குதிரைக்கும் கோட்டைக்கும் நகைக்கும் நேரமிருந்தது.

படம் வந்த சமயத்தில் பெரிய வாக்குவாதமும் நடந்தது, ராஜராஜன் இந்துவா, சைவனா என்று. அதே ராஜராஜன் தஞ்சைக் கோயிலுக்கு விட்ட ஊர்களின் கல்வெட்டில் வரி நீக்கிய இடங்களின் பட்டியல் இருக்கிறது. ஊர் நத்தம், குளம், சுடுகாடு, அதோடு பறைச்சேரி, தீண்டாச்சேரி. ஊருக்கு வெளியே அந்தச் சேரியில் யார் இருந்தார்கள், எப்படி இருந்தார்கள் என்று அந்த வாக்குவாதத்தில் எத்தனை பேர் கேட்டார்கள்? 2019இல் திருப்பனந்தாளில் பா. ரஞ்சித் அந்த ஆட்சியில் நிலம் பறிபோனதைப் பேசினார், வழக்குப் போட்டார்கள். தீண்டாச்சேரியை மணிரத்னம் காட்டவில்லை என்று நான் குறை சொல்லவில்லை. கல்கியும் காட்டவில்லை. கல்கி போனால் போகிறது என்று விட்டுவைத்த கொஞ்சத்தையும் ஏன் துடைக்கணும்? அதுதான் என் கேள்வி.

நாவலின் கடைசிப் பாகத்துக்குக் கல்கி வைத்த பேர் ‘தியாகச் சிகரம்’. அருள்மொழி தனக்கு வரவேண்டிய முடியை எடுத்துப் பூக்கூடை சுமந்தவன் தலையில் வைக்கிறான். படத்திலும் முடியை விட்டுக்கொடுக்கிறான், தன் சித்தப்பனுக்கு. பங்காளிகளுக்குள்ளே பேசி முடித்துக்கொண்ட சமாச்சாரம். இதுக்கா இரண்டு பாகம்?