பூட்டிய பெட்டி வெறும் பெட்டி அல்ல



சான்றிதழ்களை இணைத்து மின்னஞ்சல் அனுப்பியும் "இணைப்புகள் இல்லை, விண்ணப்பம் பூரணமில்லை" என்று எங்கள் பிள்ளைகள் ஒதுக்கப்படுகிறார்கள். எல்லா நேரமும் தவறு பிள்ளையுடையதல்ல.

கணினியில் நிறுவிய அவுட்லுக்கில் கடித வடிவம் 'ரிச் டெக்ஸ்ட்' என்று இருந்தால், சில வேளை அது இணைப்புகளையெல்லாம் 'வின்மெயில்.டாட்' என்ற ஒரே கோப்புக்குள் பொதி கட்டிவிடும். வேறு பல மென்பொருள்களால் அந்தப் பொதியை அவிழ்க்க முடியாது. அனுப்பியவரின் 'சென்ட்' பகுதியில் மட்டும் எல்லாம் முழுமையாகத் தெரியும். அதனால்தான் பிள்ளை "நான் அனுப்பினேன்" என்று சத்தியம் பண்ணுகிறது.

திருத்தம் சின்னது. பைல், ஒப்ஷன்ஸ், மெயில் என்று போய் கடித வடிவத்தை 'எச்.டி.எம்.எல்.' ஆக மாற்றுங்கள். விண்ணப்பத்தை அனுப்புமுன் வேறொருவரின் முகவரிக்கு அனுப்பி, இணைப்புகள் திறக்கின்றனவா என்று பாருங்கள்.

பெற்றுக்கொள்ளும் அலுவலர்களே, அந்தப் பெயரில் கோப்பு வந்தால் அதற்குள் சான்றிதழ் இருக்கலாம். "திறக்கவில்லை, மீண்டும் அனுப்புங்கள்" என்று ஒரு வரி எழுதுங்கள். முடிவுத் திகதி தாண்டியபின் 'பூரணமில்லை' என்று ஒதுக்குவது நியாயமில்லை. அந்த ஒரு வரியில் ஒரு பிள்ளையின் வாய்ப்பு இருக்கிறது.