சுமைகூலி முக்காற் பணம்

சுண்டைக்காய் காற் பணம், சுமைகூலி முக்காற் பணம் என்பது பழமொழி. வீதி விபத்தினால் எழும் வழக்குகளை நோக்குங்கால் இதன் உண்மை நன்கு விளங்கும். நட்டஈடு ஒன்று, அதனைத் தொடர்ந்து வரும் செலவுகளோ பல. சட்டத்தரணியின் ஊதியம், சாட்சிகளின் செலவு, வென்றவருக்குத் தோற்றவர் கொடுக்கவேண்டிய வழக்குச் செலவு, தீர்ப்புத் தொகையின்மேல் ஏறும் வட்டி என அவை நீளும். இவற்றைக் கொடுப்பவர் யார்?

நம் நாட்டில், 1951ஆம் ஆண்டின் 14ஆம் இலக்க மோட்டார் போக்குவரத்துச் சட்டத்தின்படி, மூன்றாந் திறத்தாருக்கு நேரும் மரணத்துக்கும் உடற்காயத்துக்குமான காப்புறுதியின்றி வாகனத்தை வீதியிற் செலுத்தலாகாது. நட்டஈட்டுடன் காப்புறுதிக் கம்பனியின் கடமை தீர்ந்துவிடும் எனப் பலர் எண்ணுகின்றனர். அவ்வாறன்று. இப்பொறுப்புப் பற்றி நீதிமன்றம் அளிக்கும் தீர்ப்பின் தொகையோடு, வழக்குச் செலவையும், சட்டப்படி அத்தொகைக்குரிய வட்டியையும் கம்பனியே செலுத்தவேண்டும் என 105ஆம் பிரிவு கூறுகின்றது.

உதாரணமாக, துவிச்சக்கரவண்டியிற் சென்ற ஒருவர் கார் மோதி இறந்தார் எனவும், அவர் மனைவிக்கு 10 இலட்சம் ரூபா நட்டஈடு தீர்ப்பாயிற்று எனவும் கொள்வோம். வட்டி ஆண்டுக்கு நூற்றுக்குப் பத்தாகவும், அதற்குரிய காலம் ஆறு ஆண்டாகவும் இருப்பின், வட்டி மாத்திரம் 6 இலட்சமாகும். அதனைக் கார்க்காரர் தம் கையிலிருந்து கொடுக்க நேர்ந்தால் அவர் குடும்பம் நொடியும். கொடுக்க இயலாதெனின் அவ்விதவையின் குடும்பம் வாடும். இரு வீட்டையும் காப்பது அச்சட்டவிதியே.

ஆனால் இப்பாதுகாப்புத் தானாக வந்து சேர்வதில்லை. வழக்குத் தொடங்குமுன்னரோ, தொடங்கி 7 நாட்களுக்குள்ளோ அவ்வழக்கைப் பற்றிய அறிவித்தல் கம்பனிக்குக் கிடைத்திருத்தல் வேண்டும் என்பது 106ஆம் பிரிவின் நிபந்தனை. வழக்காளி இதனை மறந்தால், வென்ற தீர்ப்பும் ஏட்டுச் சுரைக்காயாகிவிடும்.

வாகனச் சொந்தக்காரரும் தம் காப்புறுதிப் பத்திரத்தை ஒருமுறை படித்தல் நன்று. கம்பனியின் எழுத்துமூலச் சம்மதத்துடன் செய்யப்படும் வழக்காடற் செலவையே கம்பனி ஏற்கும் என்பது இத்தகைய பத்திரங்களிற் பொதுவாகக் காணப்படும் வாசகம். மரண விசாரணையிலும் நீதிமன்றத்திலும் தோன்றுதற்குச் சட்டத்தரணியை அமர்த்தும் உரிமையையும் கம்பனி தன்னிடம் வைத்துக்கொள்வதுண்டு. ஆதலின், அழைப்பாணையை அலுமாரியில் வைத்துவிட்டு, உறவினர் காட்டிய சட்டத்தரணிக்குப் பணத்தைக் கொடுத்தபின் கம்பனியிடம் கேட்பதிற் பயனில்லை. பொலிசார் விதிக்கும் தண்டப்பணமும், மூன்றாந் திறத்தார் காப்புறுதி மாத்திரம் உள்ளவரின் சொந்தக் காரைத் திருத்தும் கூலியும் இதில் அடங்கா.

மாணவர்க்கு ஒரு செய்தி. நமது விதிகளுக்கு முன்மாதிரியாய் அமைந்தது இங்கிலாந்தின் 1930ஆம் ஆண்டு வீதிப் போக்குவரத்துச் சட்டமாகும். அங்கு 1934இல், விபத்திற் காயமுற்றவருக்கு உடனடிச் சிகிச்சை செய்த வைத்தியருக்கு, ஆளொன்றுக்கு 12 சிலிங் 6 பென்சு கொடுக்கவேண்டும் என விதித்தனர். குற்றம் யாருடையது என ஆராயாமலே, வாகனத்தைச் செலுத்தியவர் கொடுக்கவேண்டிய பணம் அது. அதனையும் காப்புறுதி தாங்கிற்று. துன்பத்தில் உதவியவர் கூலிக்காக வழக்காட வேண்டியதில்லை என்ற கருத்து அவ்விதியில் அடங்கியுள்ளது.

பத்திரம் உள்ள வீட்டினர் இன்றே அதனை எடுத்து, விபத்து நேர்ந்தால் அறிவிக்கவேண்டிய முகவரியையும் காலவரையறையையும் குறித்து வைப்பாராக.