இந்தக் கையெழுத்து யாருடையது?

அழகுக்கு அரசியல் கிடையாது என்கிற ஆட்கள் எப்போதும் இருக்கிறார்கள். கவிதையில் சொல்வார்கள், சங்கீதத்தில் சொல்வார்கள், அச்செழுத்திலும் சொல்வார்கள். கல்யாணப் பத்திரிகையின் ஆங்கிலப் பக்கம், பட்டச் சான்றிதழ், விருதுப் பட்டயம் என்று 'கௌரவம்' தேவைப்படுகிற இடத்திலெல்லாம் ஒரு வகை எழுத்து வந்து உட்கார்ந்துகொள்கிறது. வலப்பக்கம் சாய்ந்து, ஒன்றின் கையை ஒன்று பிடித்து, பருத்தும் மெலிந்தும் ஓடுகிற எழுத்து. பார்த்தவுடனே 'பெரிய இடம்' என்று தோன்றுகிறது. ஏன் அப்படித் தோணுது, யார் தோணவச்சது? தோழர்களே, நாம் கேட்க வேண்டியது இதைத்தான்.

இந்த வகையில் பேர்போன ஒன்று ஸ்னெல் ரவுண்ட்ஹேண்ட். மாத்யூ கார்ட்டர் 1965-66இல் லைனோடைப் நிறுவனத்துக்காக வரைந்தது. ஈயத்தில் வார்க்கிற காலத்தில் ஒவ்வொரு எழுத்தும் ஒரு கட்டைக்குள் அடங்க வேண்டும். சாய்ந்த எழுத்தின் வால் கட்டையைத் தாண்டி நீண்டால் ஒடிஞ்சு போகும். ஒளியச்சுக் கோப்பு வந்ததும் அந்தத் தடை போனது, எழுத்தோடு எழுத்து ஒட்ட முடிந்தது. இன்று ஆப்பிள் கம்ப்யூட்டரோடு சேர்ந்தே இது வருகிறது. கார்ட்டர் இதை வானத்திலிருந்து எடுக்கவில்லை. சார்லஸ் ஸ்னெல் என்ற லண்டன் எழுத்து வாத்தியார் 1694இல் வெளியிட்ட மாதிரிப் புத்தகத்தின் கையெழுத்தை அடியொற்றித்தான் வரைந்தார்.

ஸ்னெல் அரண்மனைக் கலைஞர் கிடையாது. எழுத்து வாத்தியார், கணக்கர். வியாபாரம் பெருகிய லண்டனுக்குக் குமாஸ்தாக்கள் தேவைப்பட்டார்கள். வேகமா எழுதணும், யார் படிச்சாலும் புரியணும், ஒருத்தன் விட்ட இடத்தில் இன்னொருத்தன் தொடர்ந்தாலும் பேரேடு ஒரே மாதிரி இருக்கணும். ரவுண்ட்ஹேண்ட் பரவியது இந்தத் தேவையால். ராஜவம்சத்து எழுத்து மாதிரி இன்று தெரிவது, அன்று குமாஸ்தாவின் எழுத்து. கை வலிக்க எழுதியவன் பேர் மறைந்துபோச்சு, எழுதச் சொன்னவனின் அந்தஸ்து மட்டும் எழுத்தில் தங்கிவிட்டது.

அந்தப் பேரேடுகளில் என்ன இருந்தது என்பது அடுத்த கேள்வி. சவுத் சீ கம்பெனி 1713இல் ஸ்பானிய அமெரிக்காவுக்கு ஆப்பிரிக்க அடிமைகளைக் கொண்டுபோய் விற்கும் உரிமையைப் பெற்றது. ஆண்டுக்கு 4,800 'உருப்படி' என்பது ஒப்பந்தம். திடகாத்திரமான ஆண் ஒரு முழு உருப்படி. குழந்தையும் வயசானவரும் பின்னம். 1720இல் அந்தக் கம்பெனியின் பங்குகள் சரிந்து ஊரே கூச்சல் போட்டபோது, அதன் இயக்குநர் ஒருவர் கூட்டாளியாக இருந்த சாபிரிட்ஜ் நிறுவனத்தின் கணக்கைப் பரிசோதித்து அறிக்கை எழுதியவர் இதே ஸ்னெல்தான். ஊர் கூச்சல் போட்டது பங்குப் பணத்துக்காக. மனிதரைப் பின்னமாக்கி விற்றதோ சட்டப்படியான தொழில்.

எழுத்தின் பலம் ஆண்டைகளுக்கு நன்றாகவே தெரியும். 1739இல் ஸ்டோனோவில் அடிமைகள் கிளர்ந்தெழுந்தார்கள். அடுத்த வருஷமே, 1740இல், தென் கரோலினா ஒரு சட்டம் போட்டது: அடிமைக்கு எழுதக் கற்றுக்கொடுத்தாலோ, எழுத்து வேலையில் அமர்த்தினாலோ நூறு பவுண்டு அபராதம். கவனியுங்கள், அந்தச் சட்டம் தடுத்தது எழுதுவதை, படிப்பதை அல்ல. படிக்கிறவன் உத்தரவைப் படிப்பான். எழுதத் தெரிஞ்சவனோ வெளியே போகிற அனுமதிச் சீட்டைத் தானே எழுதிக்கொள்வான்!

ஃபிரடெரிக் டக்ளஸ் அதைச் செய்தும் காட்டினார். கப்பல் பட்டறையில் மரத்துண்டுகளில் குறித்திருந்த எழுத்துகளைப் பார்த்துத் தொடங்கினார். பிறகு எஜமானின் மகன் எழுதித் தீர்த்த காப்பி நோட்டில், மிச்சமிருந்த இடத்தில், அந்தப் பையனின் எழுத்தைப் பார்த்துப் பார்த்து எழுதிப் பழகினார். 1836இல் தனக்கும் கூட்டாளிகளுக்கும் எஜமான் கொடுத்த மாதிரியே அனுமதிச் சீட்டு எழுதினார். காட்டிக்கொடுக்கப்பட்டுப் பிடிபட்டபோது, டக்ளஸ் தன் சீட்டைத் தீயில் போட்டார், கூட்டாளிகள் தங்கள் சீட்டுகளைத் தின்றே அழித்தார்கள். 1838இல் டக்ளஸ் தப்பினார். 1845இல் தன் வரலாற்றைத் தானே எழுதி வெளியிட்டார். கோணிச் சாக்கைத் தானே சுமந்துபோய் வகுப்பில் தனியே உட்காரவைக்கப்பட்ட சிறுவன் அம்பேத்கரை அறிந்த நமக்கு, அந்த மிச்ச இடம் எதுவென்று விளக்க வேண்டியதில்லை.

நம்ம பக்கத்திலேயே சில தோழர்கள், "இது ஆண்டை எழுத்து, நமக்கெதுக்கு? கோணல்மாணலா இருக்கட்டும், அதுதான் நம்ம எழுத்து" என்கிறார்கள். கோபம் நியாயமானது. முடிவு சரியில்லை. அழகான எழுத்தை அவர்களுக்கே பட்டா போட்டுக் கொடுத்துவிட்டு கோணல் எழுத்தை நமக்கு ஒதுக்கிக்கொண்டால், நாமே நம்மைச் சேரிக்குள் அடைத்துக்கொள்கிறோம். டக்ளஸ் அந்த நோட்டைக் கிழித்துப் போடவில்லை. அதில் எழுதினார்.

வேண்டும், தோழர்களே, இந்த எழுத்தும் நமக்கு வேண்டும். நம் தியாகிகளின் பெயரை அதில் அடிப்போம், நம் பிள்ளைகளின் பட்டத்தில் அது இருக்கட்டும். ஆனால் சான்றிதழைக் கையில் வாங்கும் பிள்ளைக்கு அந்த 4,800 உருப்படிகளின் கணக்கையும் சொல்லிக்கொடுப்போம். பேனா பிடிக்கும் கைக்கு அபராதம் போட்ட சட்டத்தையும் சொல்லுவோம். அதெல்லாம் தெரிந்தபிறகு, அழகுக்கு அரசியல் கிடையாது என்று எவனாவது வந்து சொன்னால் அந்தப் பிள்ளையே பதில் சொல்லும்.