எழுத்தை எழுத்தாகவே இடுக

பார்வையற்றோர் கணினியை எவ்வாறு பயன்படுத்துகின்றனர்? திரையில் உள்ள எழுத்துகளைப் படித்து ஒலியாகத் தரும் மென்பொருள் அவர்களுக்குத் துணைநிற்கிறது. அதனைத் திரைவாசிப்பான் என்பர்.

முன்னர் இத்தகைய மென்பொருள்களின் விலை எளியோர்க்கு எட்டாததாக இருந்தது. 2006ஆம் ஆண்டில் ஆஸ்திரேலியாவைச் சேர்ந்த மைக்கேல் கரன் ‘என்விடிஏ’ என்னும் திரைவாசிப்பானை உருவாக்கத் தொடங்கினார். ஜேம்ஸ் டே அவருடன் இணைந்தார். இருவரும் பார்வையற்றவர்கள். அவர்கள் அதனை விலையின்றி வழங்கினர். அதன் மூலநிரலையும் மறைக்காமல் வெளியிட்டனர். ஆதலால் பன்னாட்டுத் தன்னார்வலர்கள் தத்தம் மொழிகளில் அதனை அமைத்தனர். அம்மொழிகளுள் தமிழும் ஒன்று.

எனினும், மென்பொருள் மட்டும் போதாது. ஓர் அறிவிப்பைப் படமாக எடுத்து இணையத்தில் இட்டால், காண்போர்க்கு அது எழுத்து. திரைவாசிப்பானுக்கோ வெறும் படம். ஒருங்குறி அல்லாத பழைய எழுத்துருவில் அமைந்த தமிழும் பொருளற்ற ஒலியாகவே கேட்கும்.

‘சிலருக்காக இத்தனை உழைப்பு வேண்டுமா?’ எனச் சிலர் வினவுவர். அது முறையன்று. தேர்வு நாளை அறிவிக்கும் பக்கத்தைப் படிக்க இயலாத மாணவர் தேர்வையே இழக்க நேரிடும். மின்னணுத் தகவல்கள் அனைவரும் அணுகத்தக்கனவாக இருத்தல் வேண்டும் என்பதை 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டமும் வலியுறுத்துகிறது. மேலும், படத்திற்கு ஒருவரி விளக்கம் எழுதுதல் பெரும்பணியும் அன்று.

மூலநிரலை உலகிற்கு வழங்கியோர் தம் பங்கினை ஆற்றிவிட்டனர். எழுத்தை எழுத்தாகவே இடுதல் பக்கங்களை அமைப்போரின் கடமையாகும்.