மலைக்குப் போகிற பிள்ளைகளுக்கு ஒரு கத்தி

கொஞ்சம் நீளமான பதிவு. அவசரத்தில் இருப்பவர்கள் ராத்திரி சாப்பிட்ட பிறகு படித்துக்கொள்ளுங்கள்.

பெங்களூரில் வேலை பார்க்கும் என் பழைய மாணவர் ஒருவர் போன வாரம் வாட்ஸ்அப்பில் நாலு கத்திப் படங்களை அனுப்பினார். "சார், நண்பர்களோட கூடாரம் போட்டுத் தங்கப் போறோம். இதுல எது வாங்கலாம்?" என்று கேள்வி. ஒன்றில் முதுகுப் பக்கம் ரம்பப் பல், பிடிக்குள்ளே திசைகாட்டி. இன்னொன்றில் அலை அலையாகக் கோலம், பெயர் டமாஸ்கஸ். "நாலும் வேண்டாம் தம்பி, ஊருக்கு வரும்போது பட்டறையில் ஒன்று அடித்து வாங்கிக்கொள்" என்று பதில் போட்டேன். சார் பழைய காலத்து ஆள் என்று நினைத்திருப்பார். அதனால் காரணத்தை எல்லோருக்குமாகவே எழுதிவிடுகிறேன்.

திசைகாட்டி வைத்த கத்தியை உலகம் முழுக்கப் பரப்பியது 1982இல் தொடங்கிய ராம்போ படங்கள். பிடிக்குள் பொருள் வைக்க வேண்டுமென்றால் பிடி குழாயாக இருக்க வேண்டும். குழாயாக இருந்தால் அலகின் வால் உள்ளே இறங்க இடமில்லை. அலகும் பிடியும் சேரும் இடத்தில் ஒரு திருகாணியோ பற்றவைப்போதான் முழுப் பாரத்தையும் தாங்குகிறது. விறகுமேல் கத்தியை வைத்து முதுகில் ஒரு கட்டையால் தட்டிப் பிளக்கும்போது பிய்வது அந்த இடம்தான். அலகு தனியாகப் பறந்தால் யார்மேல் விழும் என்று சொல்ல முடியாது. ரம்பப் பல்லும் அலங்காரம்தான். மரத்தை அறுக்காது. முதுகில் கட்டையால் தட்டவும் விடாது.

அடுத்தது டமாஸ்கஸ். மலிவு விலையில் வருகிறவற்றில் பல, சாதாரணத் தகட்டின்மேல் அமிலத்தாலோ லேசராலோ போட்ட கோலம். தேய்த்தால் போய்விடும். நல்லவை இரண்டு வகை இரும்பை மடித்து மடித்து அடித்தவை. அவற்றின் விலை வேறு. வேடிக்கை என்னவென்றால், டமாஸ்கஸ் வாள் என்று உலகம் கொண்டாடியதன் மூல எஃகு நம் பக்கத்துச் சரக்கு. மூசைக்குள் இரும்பையும் கரியையும் வைத்து உருக்கி எடுத்த எஃகு தென்னிந்தியாவிலிருந்து மேற்கே போயிற்று. கொடுமணலில் அந்த வேலை நடந்த தடயம் கிடைத்தது பலருக்குத் தெரியும். நம் கள்ளக்குறிச்சிப் பக்கமே மேல்சிறுவளூரில் உடைந்த மூசைகள் குவிந்து கிடந்ததை ஆய்வாளர் சாரதா சீனிவாசன் 1990களில் கண்டு எழுதியிருக்கிறார். சின்னசேலத்தில் பிறந்த பிள்ளை கடல் தாண்டி வந்த பெயரைப் பார்த்துப் பணத்தைக் கொட்டுவதைக் கண்டால் எனக்குச் சிரிப்பும் வருகிறது, வயிறும் எரிகிறது.

சரி, பட்டறைக் கத்தியில் அப்படி என்ன இருக்கிறது? இரும்பு இருக்கிறது. நம் கொல்லர்கள் பெரும்பாலும் அடிப்பது பழைய லாரிப் பட்டையை. வண்டியின் பாரத்தை வருஷக்கணக்காகத் தாங்கி வளைந்து நிமிர்ந்த ஸ்பிரிங் எஃகு அது. நூற்றுக்கு அரைப் பங்கோ, அதற்குச் சற்று மேலோ கரி சேர்ந்தது. கத்திக்கு அது நல்ல அளவு. கரி குறைந்தால் வாய் நிற்காது, ரொம்பக் கூடினால் கல்லில் பட்டதும் பல் விழும். கடையில் பளபளவென்று தொங்கும் மலிவு எவர்சில்வர் கத்தி தக்காளிக்கு ஆகும். காய்ந்த கருவேலங் கழியில் அதை வைத்துப் பாருங்கள், தெரியும்.

ஆனால் இரும்பு பாதி, துவைச்சல் பாதி. அலகைச் சிவக்கக் காய்ச்சி வாய்ப் பக்கத்தை மட்டும் முக்கி எடுப்பார் கொல்லர். முதுகில் மிச்சமிருக்கும் சூடு மெல்ல வாய்க்கு இறங்கும்போது தேய்த்த இடத்தில் நிறம் ஓடும். முதலில் வைக்கோல் நிறம், பிறகு பழுப்பு, பிறகு ஊதா, நீலம். வைக்கோல் நிறம் தாண்டிப் பழுப்பு எட்டிப் பார்க்கும் நேரத்தில் மறுபடி முக்கிவிடுவார். வாய் கடினமாகவும் முதுகு வளைந்து கொடுப்பதாகவும் அமைவது இதனால்தான். வெப்பமானி இல்லை, கடிகாரம் இல்லை, கண்தான். பள்ளியில் நான் "இரும்பு சூட்டால் விரிவடையும்" என்று ஒரு வரியில் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போன பாடத்தை, பட்டறையில் பத்து நிமிஷம் நின்றால் உங்கள் பிள்ளைகள் கண்ணால் பார்க்கலாம்.

எல்லாப் பட்டறைக் கத்தியும் உத்தமம் என்று சொல்லமாட்டேன். சந்தையில் குவித்துப் போட்டு விற்பதில் மட்டமானது நிறைய. அவசரத்தில் அடித்தது, துவைச்சலே பார்க்காதது, இரும்புக் குழாயைப் பிடியாகப் பற்றவைத்தது எல்லாம் கலந்திருக்கும். வாங்கும்போது ஒரு பழைய அரத்தைக் கையோடு கொண்டு போங்கள். வாயில் லேசாக இழுத்தால் வழுக்கிக்கொண்டு போக வேண்டும். சாக்பீஸ் மாதிரி அரம் கடித்தால் அந்தக் கத்தி மிருது, வைத்துவிடுங்கள். பிடியின் அடியைப் பாருங்கள்: வால் முழுக்க ஊடுருவி வெளியே வந்து மடக்கி அடித்திருக்க வேண்டும். கழுத்தில் பூண் இறுக்கமாக இருக்க வேண்டும். ஆட்டினால் 'லொட லொட' என்று சத்தம் வந்தால் வேண்டாம். பிடி வழவழவென்று வார்னிஷ் அடித்ததாக இருக்க வேண்டியதில்லை. வியர்த்த கையில் வழுக்காமல் இருந்தால் போதும்.

அளவு விஷயத்தில்தான் பிள்ளைகள் ஏமாறுகிறார்கள். பெரிய கத்தி வீரம் என்று நினைப்பு. கூடாரத்துக்குப் போகிறவர் செய்யும் வேலை என்ன? கயிறு அறுப்பது, காய் நறுக்குவது, முளைக்குச்சி சீவுவது, கட்டைவிரல் பருமன் சுள்ளியைப் பிளப்பது. இதற்கு நான்கு விரற்கடை முதல் ஆறு விரற்கடை நீள அலகு போதும். முதுகு கனம் மூன்று மில்லிமீட்டர். கல்வராயன் மலைக்காரர்கள் இடுப்பில் செருகும் கொடுவாள் வேறு வேலைக்கு. முள் வெட்ட, மூங்கில் கழிக்க, கொல்லை திருத்த. அவர்கள் கைக்கு அது விரல் மாதிரி. நம் கைக்கு அது ஆபத்து. சின்னக் கத்தி ஒன்று படம் வரைந்து கொடுத்து அடிக்கச் சொன்னால் இங்கே 300 முதல் 500 ரூபாய்க்குள் முடிகிறது. அதற்குத் தோல் உறை செருப்புத் தைப்பவரிடம் தைத்துக்கொள்ளலாம். உறை இல்லாமல் கத்தியைப் பையில் போடவே போடாதீர்கள்.

ஊருக்கு வரவே நேரமில்லை, இணையத்தில்தான் வாங்குவேன் என்றால், ஸ்வீடனில் மோரா என்ற ஊரில் செய்கிற கத்தி இருக்கிறது. பட்டறை விலையைப் போல நாலைந்து மடங்கு ஆகும். பிளாஸ்டிக் பிடி, பத்து சென்டிமீட்டர் அலகு, பார்க்க ஒரு கம்பீரமும் இருக்காது. வால்கூடப் பிடியின் கடைசிவரை போகாது. இருந்தும் சொன்ன வேலையைச் செய்யும், தீட்டுவதும் சுலபம். வாயின் சரிவு அகலமாகத் தட்டையாக இருப்பதால் அதைக் கல்லில் படிய வைத்துத் தேய்த்தால் சாய்வு தானாகவே கிடைத்துவிடும். விளம்பரத்தில் மயங்கியவர்களுக்கு இதுதான் மாற்று மருந்து.

கத்தி வாங்கினால் ஒரு தீட்டுக்கல்லும் வாங்க வேண்டும். ஹார்டுவேர் கடையில் ஒரு பக்கம் கரடும் மறுபக்கம் மென்மையுமாக இருக்கும் கல் போதும். சாணைச் சக்கரத்தில் கொடுத்தால் தீப்பொறி பறக்கும், பார்க்க நன்றாக இருக்கும். வாய் நீலம் பாய்ந்துவிட்டால் அந்த இடத்தில் துவைச்சல் போயிற்று என்று அர்த்தம். கொல்லர் பார்த்துப் பார்த்து நிறுத்திய நிறத்தைச் சக்கரம் ஒரு நொடியில் தாண்டிவிடும்.

சட்டத்தையும் சொல்லிவிடுகிறேன், அப்பா அம்மாக்கள் கேட்பார்கள். ஆயுத விதிகள் ஒன்பது அங்குலத்துக்கு மேல் நீளமோ இரண்டு அங்குலத்துக்கு மேல் அகலமோ உள்ள அலகுகளைத் தனியாகப் பட்டியலிடுகின்றன. வீட்டுக்கும் விவசாயத்துக்கும் ஆனவை அதில் வராது. அதற்காகப் பஸ்ஸில் கையில் பிடித்துக்கொண்டு போகலாம் என்று பொருளில்லை. 2021இல் காவல்துறை, அரிவாள் கத்தி அடிக்கும் பட்டறைகள் வாங்குபவரின் பெயர், முகவரியைக் குறித்துவைக்க வேண்டும், கேமரா பொருத்த வேண்டும் என்று சொன்னது. கொலைக் கருவி விற்பவர் மாதிரி கொல்லரைப் பார்க்கிற காலம் வந்ததில் எனக்கு வருத்தம் உண்டு. சினிமாவுக்கும் அதில் பங்குண்டு. ஆனால் அவர் பெயர் கேட்டால் முகம் சுளிக்காமல் சொல்லுங்கள். அவருக்கு அது பிழைப்பு.

காட்டுக்குள் போகிற விஷயம் இதைவிட முக்கியம். காப்புக்காட்டில் பச்சை மரம் வெட்டுவதும் தீ மூட்டுவதும் 1882ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். 2018 மார்ச்சில் குரங்கணித் தீயில் மலையேறப் போன பிள்ளைகள் மாண்டதை மறந்திருக்க மாட்டீர்கள். இப்போது வனத்துறையே 'ட்ரெக் தமிழ்நாடு' என்று 40 பாதைகளுக்கு வழிகாட்டியோடு அனுமதி தருகிறது. அதில் போங்கள். கத்தி விளையாட்டை மாமா கொல்லையில், சித்தப்பா தென்னந்தோப்பில் காய்ந்த மட்டையிலும் சுள்ளியிலும் வைத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்று. நம் வீடுகளில் கத்தியைக் கைக்குக் கை கொடுக்க மாட்டார்கள். கீழே வைப்பார்கள், மற்றவர் எடுத்துக்கொள்வார். கொடுத்தால் சண்டை வரும் என்று பாட்டி சொன்னது இருக்கட்டும், காயம் வராது. அதைப் பேரப்பிள்ளைகளுக்கும் பழக்குங்கள். எட்டு ஒன்பது வயதில் பெரியவர் பக்கத்தில் உட்கார்ந்து ஒரு குச்சியைச் சீவக் கற்ற பிள்ளை, பதினெட்டு வயதில் கத்தியைக் காட்டிப் படம் எடுத்துப் போட மாட்டான் என்பது என் எண்ணம். ஒப்புக்கொள்ளாதவர்கள் கீழே எழுதுங்கள், சண்டைக்கு நான் தயார்.

பெங்களூர்த் தம்பி பொங்கலுக்கு வருவதாகச் சொல்லியிருக்கிறார். வேறு யாருக்காவது வேண்டுமானால் பத்து நாள் முன்னதாகச் சொல்லிவிடுங்கள். பட்டறையில் இப்போது ஒற்றை ஆள்தான். சம்மட்டி அடிக்க உதவிக்கு ஆள் கிடைக்கிற நாளில்தான் உலை மூட்டுகிறார். விலையில் பேரம் மட்டும் பேசாதீர்கள். விமானத்தில் திரும்புகிறவர்கள் கத்தியைக் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டியில் போட்டு அனுப்புங்கள். துருப் பிடிக்காமலிருக்கத் தேங்காய் எண்ணெய் ஒரு கோடு தடவிக்கொள்ளுங்கள்.