அழகுக்குப் போட்ட ஊசியை மருத்துவரிடம் மறைக்க வேண்டாம்

தஞ்சை ராஜா மிராசுதார் மருத்துவமனைக்கு ஒரத்தநாடு, பாபநாசம், திருவையாறு என்று சுற்றுப்புறம் முழுவதிலிருந்தும் கர்ப்பிணிகள் வருகிறார்கள். சர்க்கரை உண்டா, முன்பு அறுவை சிகிச்சை நடந்ததா என்றெல்லாம் கேட்கும்போது இன்னொன்றையும் கேட்டாக வேண்டிய காலம் இது: அழகுக்காக உடம்பில் எங்காவது ஊசி போட்டீர்களா?

இது பெருநகரத்துச் சங்கதி இல்லை. மன்னார்குடி, பட்டுக்கோட்டைப் பக்கம் சிங்கப்பூர், வளைகுடா போய்த் திரும்பியவர்கள் ஏராளம். அங்கே இப்படி ஊசி போட்டுக்கொண்டவர்களும் அவர்களில் இருக்கலாம்.

உதட்டிலும் கன்னத்திலும் போடும் ஹயலுரானிக் அமில ஃபில்லர் பெரும்பாலும் மாதக்கணக்கில் கரைந்துவிடும். முன்பு போட்டுக்கொண்டவர்கள் பதற வேண்டாம். கர்ப்ப காலத்தில் புதிதாகப் போடுவதுதான் கூடாது. அதன் பாதுகாப்பு நிரூபிக்கப்படவில்லை.

அச்சம் தருவது மார்பிலும் பிட்டத்திலும் ஏற்றப்படும் திரவ சிலிகோன். உடல் வடிவத்துக்காக அதை ஏற்றக் கூடாது என்று அமெரிக்க உணவு, மருந்து நிர்வாகம் 2017-இல் எச்சரித்தது. அது கரையாது, இடம் நகரும், ஆண்டுகள் கழித்தும் கட்டிகளாகும். அந்தக் கட்டிகளால் சிலருக்கு ரத்தத்தில் கால்சியம் ஏறுகிறது. அதன் அறிகுறிகள் வாந்தி, மலச்சிக்கல், அசதி. கர்ப்பிணிக்கு இவை வந்தால் மசக்கை என்றுதானே வீட்டில் சொல்வார்கள்? கவனிக்காமல் விட்டால் தாய்க்கும் சிசுவுக்கும் ஆபத்து. ஊசி போட்டது தெரிந்திருந்தால் ஒரு ரத்தப் பரிசோதனையிலேயே பிடித்துவிடலாம்.

பிரசவ நேரத்திலும் இந்தத் தகவல் வேண்டும். பிட்டத்தில் ஏற்றியது கீழ்முதுகுக்கு நகர்ந்திருந்தால், முதுகில் மயக்க ஊசி போடுமுன் மருத்துவர் அந்த இடத்தைப் பார்த்தாக வேண்டும். பிட்டத்தில் போடும் ஊசிகளைத் தொடைக்கு மாற்றலாம்.

பாலூட்டும்போதும் பிரச்சினை வரும். மார்பைப் பெரிதாக்க சீனாவில் பாலிஅக்ரிலமைடு கூழை ஏற்றிக்கொண்ட பெண்களில் சிலருக்கு, பாலூட்டும் காலத்தில் பால் கட்டி, சீழ் பிடித்தது. 2006-இல் சீன அரசு அந்தக் கூழைத் தடை செய்தது.

மாமியாரோ கணவரோ பக்கத்தில் நிற்கும்போது கேட்டால் எந்தப் பெண்ணும் இதற்கு வாய் திறக்க மாட்டாள். தனியாக அழைத்துக் கேட்க வேண்டும். பதில் வந்தால் திட்டக் கூடாது. கிராம சுகாதார செவிலியரால் இது முடியும். அவருக்கு அதற்கான பயிற்சியைச் சுகாதாரத் துறை தர வேண்டும்.

ஊசி போட்டுக்கொண்ட சகோதரிகளுக்கு: மருந்தின் பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை. உடம்பில் எந்த இடத்தில், எந்த ஆண்டு போட்டது என்பதை முதல் பரிசோதனையிலேயே சொல்லிவிடுங்கள்.