சங்கச் சந்தா: கட்டலாமா, கையை விரிக்கலாமா?

ஏப்ரல் பிறந்தால் போதும். சென்னைக் கடைத்தெருக்களில் ரசீது புத்தகத்தோடு நாலு பேர் கிளம்பி விடுவார்கள்.

"அண்ணாச்சி, சங்கத்துச் சந்தா!"

மளிகைக்கடை அண்ணாச்சி கல்லாவைத் திறக்காமலே கேட்பார்: "போன வருஷம் கட்டுனதுக்கு என்னய்யா செஞ்சீங்க?"

நியாயமான கேள்விதான். 500 ரூபாயோ, 1,000 ரூபாயோ, அது சும்மா வந்த காசு இல்லை. ஒரு பக்கம் சூப்பர் மார்க்கெட். இன்னொரு பக்கம் செல்போனைத் தட்டினால் பருப்பையும் புளியையும் வீட்டு வாசலில் இறக்கும் கம்பெனிகள். வாடகை, கரண்ட் பில், கடைப்பையன் சம்பளம் போக ராத்திரி கல்லாவில் மிஞ்சுவது எவ்வளவு என்பது கடைக்காரருக்கும் அவர் வீட்டம்மாவுக்கும்தான் தெரியும்.

சங்கங்கள் மீதும் குறை உண்டு. வருஷம் முழுக்கக் கண்ணில் படாத தலைவர், போஸ்டரில் மட்டும் கும்பிடு போடுவார். மே 5-ந்தேதி வணிகர் தினம். ஒன்றாக இருந்த அமைப்பு உடைந்து, அதே நாளில் இரண்டு ஊரில் இரண்டு மாநாடு நடந்த வருஷங்களும் உண்டு. எந்த வேனில் ஏறுவது என்று தெரியாமல் வியாபாரி முழித்தார். கடையடைப்பு வந்தால் ஒரு சங்கம் "சாத்து" என்கிறது, இன்னொன்று "திற" என்கிறது.

"போதுமப்பா சாமி" என்று ஒருவர் ஒதுங்கினால் அவரைத் திட்ட முடியாது. ஆனால் ஒதுங்கிய பிறகு என்ன?

வாடகைக்கு வந்த வரி

1939-ல் ராஜாஜி ஆட்சியில் சென்னை மாகாணத்துக்கு விற்பனை வரி வந்தது. 2007-ல் தமிழ்நாட்டில் 'வாட்' வரி. 2017 ஜூலை 1-ந்தேதி ஜி.எஸ்.டி. எந்தக் காலத்திலும் எந்த அதிகாரியும் கடை கடையாக ஏறி "உங்களுக்கு இது சரிப்படுமா?" என்று கேட்டதில்லை. கூட்டமாக வந்து கேட்டவர்களுக்குத்தான் பதில் கிடைத்திருக்கிறது.

கிட்டத்து உதாரணம் ஒன்று. 2024 அக்டோபர் 10 முதல் புது வம்பு வந்தது. ஜி.எஸ்.டி. பதிவு இல்லாதவருடைய கட்டிடத்தில் பதிவுள்ள வியாபாரி கடை வைத்திருந்தால், வாடகைக்கு 18 சதவீத வரியை வியாபாரியே கட்ட வேண்டும் என்றார்கள். பெரிய வியாபாரி அதை வேறு வரியில் கழித்துக் கொள்வார். காம்போசிஷன் திட்டத்தில் இருக்கும் சின்னக் கடைக்காரருக்கு அந்த வழி கிடையாது. 10,000 ரூபாய் வாடகை என்றால் மாதம் 1,800 ரூபாய் கையை விட்டுப் போகும்.

வணிகர் அமைப்புகள் சத்தம் போட்டன. 2025 ஜனவரியில் அந்தத் திட்டக்காரர்களுக்கு விலக்கு வந்தது. "நாங்களே வாங்கித் தந்தோம்" என்று எந்தச் சங்கமாவது மார்தட்டினால் அது கொஞ்சம் அதிகம். ஆனாலும், எல்லோரும் வாயை மூடிக்கொண்டு இருந்திருந்தால்?

இதில் ஒரு வேடிக்கை. விலக்கு, சந்தா கட்டியவருக்கும் உண்டு, கட்டாதவருக்கும் உண்டு! "கட்டாமலே கிடைக்குதே, எதுக்குக் கட்டணும்?" என்று நினைப்பவர் கெட்டிக்காரர்தான். தெருவில் எல்லோரும் கெட்டிக்காரர் ஆகிவிட்டால் மனு எழுதப் பேப்பர் வாங்கவும் ஆள் இருக்காது.

2020-ல் கொரோனாவால் கோயம்பேடு மார்க்கெட் மூடப்பட்டது. அதுவும் அதே மே 5-ந்தேதி. காய்கறிக் கடைகள் திருமழிசைக்குப் போயின. மறுபடி கோயம்பேடு திறக்க செப்டம்பர் ஆகிவிட்டது. ஒவ்வொரு கடைக்காரரும் தனித்தனியாகக் கோட்டைக்கு நடந்திருந்தால் வாசல் காவலரைத் தாண்டியிருக்க மாட்டார்.

அதே வருஷம் ஜூனில், ஊரடங்கு நேரம் தாண்டிக் கடை திறந்திருந்ததாகச் சொல்லிப் பிடிக்கப்பட்ட சாத்தான்குளம் செல்போன் கடைக்காரரும் அவர் தந்தையும் காவலில் தாக்கப்பட்டு இறந்தார்கள். எங்கோ தெற்கே நடந்தது என்று இருக்காமல், கடைகளைச் சாத்தச் சொன்னது வணிகர் அமைப்புகள். அந்த ஷட்டர்கள் இறங்கியதற்கு விலை போட முடியுமா?

கணக்கு எங்கே?

அதற்காகக் கண்ணை மூடிக்கொண்டு காசைக் கொடுக்க வேண்டியதில்லை. 1975-ம் ஆண்டு தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டப்படி பதிவான சங்கம், வருஷத்துக்கு ஒரு தடவை பொதுக்குழுவைக் கூட்ட வேண்டும். தணிக்கை செய்த வரவு செலவைப் பதிவாளருக்கு அனுப்ப வேண்டும். அதைக் கேட்கிற வியாபாரி எத்தனை பேர்? பொதுக்குழு நாளில் பாதி நாற்காலி காலி. வந்த பாதியும் பிரியாணி வாசனை வந்ததும் எழுந்து விடுகிறது. கேட்க ஆள் இல்லாத இடத்தில் அதே தலைவர், அதே பொருளாளர், பத்து வருஷம்.

கோபத்தில் சந்தாவை நிறுத்தினால் அவர்களுக்குத்தான் கொண்டாட்டம். பல சங்கங்களின் விதிப்படி, பாக்கி வைத்தவருக்கு ஓட்டு கிடையாது. எதிர்த்துப் பேசக்கூடிய ஆள் தானாகவே வெளியே போய்விடுகிறார்!

ஆகவே அண்ணாச்சி கல்லாவைத் திறக்கலாம். முதலில் பதிவு எண் போட்ட ரசீதைக் கேட்கட்டும். போன வருஷக் கணக்கின் நகலைக் கேட்கட்டும். பொதுக்குழு எந்தத் தேதி, எந்த மண்டபம் என்று ரசீதின் பின்பக்கத்தில் எழுதி வாங்கிக் கொண்டு, அப்புறம் பணத்தை எண்ணட்டும்.